நாலு-ஒன்பது

மழை விடாமல் பெய்துகொண்டிருந்த வாரம் அது. கீழே தையற்கூடம், மேலே வீடு. கூடத்து மூலையில் ஈரக் குடைகள் விரித்துக் கிடந்தன. மேலே கொடியில் போட்ட துணி ஒன்றும் காயவில்லை என்று பெரியவள் காலையிலிருந்து புலம்பிக்கொண்டிருந்தாள்.

அண்ணன், தம்பி இரண்டு குடும்பத்துக்கும் ஒரே அடுப்பு. அண்ணன் துணி வெட்டுகிறவர். தையற்காரர்கள் முதல் நூல் கொண்டுவந்து போடுகிறவர் வரை எல்லாருக்கும் அவர் மாஸ்டர். தம்பி வெளியே போய் ஆர்டர் பிடிக்கிறவன். வாய் உள்ளவன் என்று அவனையே எல்லா இடத்துக்கும் அனுப்புவார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வாய் அடங்குவதில்லை என்பது மட்டும்தான் கஷ்டம். மாஸ்டரின் மனைவி பெரியவள், தம்பியின் மனைவி சின்னவள். வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள், நாமும் அப்படியே சொல்லலாம்.

ஓட்டல், தொழிற்சாலை, ஆஸ்பத்திரி என்று எங்கெல்லாம் எல்லாரும் ஒரே மாதிரி உடுத்த வேண்டுமோ அங்கெல்லாம் இவர்கள் தைத்துக் கொடுத்தார்கள். ஆளை டேப் வைத்து அளப்பது மாஸ்டருக்குப் பிடிக்காது. டேப்பைப் பார்த்ததும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ளாதவன் யார் என்று கேட்பார். அதனால் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார். ஆர்டர் கொடுக்கும் இடத்துக்கு ஒரு மூட்டை சாம்பிள் சட்டைகளும் சுவரில் ஒட்டும் உயரப் பட்டை ஒன்றும் போகும். எந்தச் சட்டை நெஞ்சில் சரியாக உட்காருகிறதோ அது முதல் எண். பட்டையில் தலை எங்கே முட்டுகிறதோ அது இரண்டாவது எண். இரண்டுக்கும் ஒன்று முதல் பன்னிரண்டு வரை; ஒவ்வோர் எண்ணுக்கும் துணி வெட்ட மாஸ்டரிடம் ஓர் அட்டை உண்டு. நாலு-ஒன்பது என்றால் ஒல்லியான நெட்டை. ஒன்பது-நாலு என்றால் பருத்த குட்டை. கூடத்தில் எல்லாருக்கும் இது பழகிப்போய், தெருவில் போகிறவர்களைக்கூட எண்ணால்தான் சொல்வார்கள். டீ கொண்டுவருகிறவர் இரண்டு-பதினொன்று. தம்பி ஏழு-ஏழு, எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அவன் ஒரே மாதிரிதான் என்று மாஸ்டர் கிண்டல் செய்வார்.

முன்பெல்லாம் வந்த அளவுகளைப் பெரியவள்தான் எழுதி வைப்பாள். சின்னவள் கம்ப்யூட்டர் படித்தவள். வந்த புதிதில் அந்தத் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு, தையற்காரர்கள் எல்லாரும் இருக்கும்போதே சொன்னாள்.

"என்னக்கா இது, கோழி கிளறின மாதிரி இருக்கு? இத வெச்சா இத்தன நாளும் வெட்டினீங்க? குடுங்க, நான் கம்ப்யூட்டர்ல போட்டுத் தரேன். ஒரு நிமிஷ வேலை."

எல்லாரும் சிரித்தார்கள். பெரியவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் அந்த மேஜைப் பக்கம் வரவில்லை. சின்னவள் ஆசைப்பட்டது அதற்கு இல்லைதான். ஆனால் வாயை விட்டு வந்ததை யார் திருப்பி எடுப்பது.

அந்த மழை வாரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஆர்டர் வந்தது. நர்ஸ் முதல் ஆம்புலன்ஸ் டிரைவர் வரை அத்தனை பேருக்கும் புது மேல்கோட்டு. அளவுகள் மெயிலில் வந்து சேர்ந்தன, ஆளுக்கு ஒரு வரி. கீழே மாஸ்டர் துணியை விரித்து, மடிப்பு நீக்கி, ஓரத்தில் இரும்புக் கட்டிகளை வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

சின்னவளுக்கு ஒன்று தெரியும். நாலு-ஒன்பது என்று அடித்தால் அந்தக் கம்ப்யூட்டர் அதைத் தேதி என்று நினைத்துக்கொள்ளும். முன்னே ஒருமுறை அப்படிப் பட்டிருக்கிறாள். அதனால் முதலிலேயே திரையில் எண்கள் போடும் கட்டம் முழுவதையும் தேர்ந்தெடுத்து, இது வெறும் எழுத்து, எதையும் மாற்றாதே என்று குறித்து வைத்தாள். பிறகு மெயிலில் இருந்ததை அப்படியே காப்பி எடுத்து ஒட்டினாள்.

ஒட்டினதும் கட்டம் முழுக்கத் தேதி. ஏப்ரல் ஒன்பது. நவம்பர் மூன்று. மே ஐந்து.

"சொன்னேன்ல? எழுத்துன்னுதான சொன்னேன்?" என்று அவள் திரையைப் பார்த்துக் கேட்டாள். கட்டத்துக்கு அவள் சொல்லி வைத்ததெல்லாம் ஒட்டுகிற வரைக்கும்தான் போலிருக்கிறது. ஒட்டினதும் அது தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டது. திரும்ப எழுத்து என்று மாற்றினால், சம்பந்தமே இல்லாமல் ஐந்து இலக்க எண்களாக வந்து நின்றது.

"லிஸ்ட் ஆச்சாம்மா?" கீழேயிருந்து மாஸ்டர் குரல் கொடுத்தார்.

"இதோ மாமா, ஒரு நிமிஷம்!"

ஒரு நிமிஷ வேலை என்று ஊரைக் கூட்டிச் சொன்னவள் அவள். கம்ப்யூட்டர் தகராறு பண்ணுகிறது என்று இப்போது எந்த முகத்தோடு சொல்வாள்? பெரியவள் அடுப்படியிலிருந்து எட்டி வேறு பார்த்தாள். சின்னவள் அவசரமாகத் தேடினாள். தேதியை எப்படிக் காட்ட வேண்டும் என்று நாமே சொல்லும் இடம் ஒன்று இருந்தது. நாள், ஒரு கோடு, மாதம் என்று கொடுத்தாள். தேதியெல்லாம் மறைந்து, ஒன்பது-நாலு, மூன்று-பதினொன்று, ஐந்து-ஐந்து என்று பழைய கோலத்துக்கு வந்துவிட்டது. அப்பாடா என்று பிரிண்ட் போட்டாள்.

நாளை முன்னால் எழுதுவதுதான் அவளுக்குப் பழக்கம். அந்தக் கம்ப்யூட்டருக்கோ மாதம்தான் முதலில். நாலு-ஒன்பதை அது நாலாம் மாதம் ஒன்பதாம் தேதி என்று எடுத்துக்கொண்டிருந்தது. இவள் நாளை முன்னால் வைக்கச் சொன்னதும் ஒன்பது-நாலு என்று திருப்பிக் கொடுத்துவிட்டது. மெயிலில் ஒரே ஒரு வரியை வைத்து ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவள் பார்க்கவில்லை. மாஸ்டர் பதின்மூன்றாவதாக ஓர் அட்டை செய்து வைத்திருந்தால் அந்த மெஷினும் கொஞ்சம் யோசித்திருக்கும். பன்னிரண்டோடு நிறுத்தியது அவர் தலையெழுத்து.

மாஸ்டர் தாளைக் கையில் வாங்கி, சிறிது நேரம் வெட்டினார். பிறகு வெட்டு மெஷினை நிறுத்தினார்.

"ஏம்மா, இந்த ஆஸ்பத்திரில நர்ஸுங்க எல்லாம் இவ்ளோ குட்டையாவா இருப்பாங்க? டிரைவர் ஒருத்தர் இருக்காரு, மூங்கில் கழி மாதிரி."

"அப்படித்தான் மாமா வந்திருக்கு."

"இல்ல, எனக்கு என்னமோ..."

"ரெண்டு தடவ பாத்துட்டேன் மாமா. நீங்க வெட்டுங்க."

அவள் குரலில் கொஞ்சம் எரிச்சல் இருந்தது. மாஸ்டர் அதற்கு மேல் கேட்கவில்லை. மெஷின் மறுபடி ஓடியது. சாம்பல் கலந்த நீலத் துணி அடுக்கடுக்காகப் பிரிந்து விழுந்தது. வெட்டி முடிந்த வரியை அவர் தாளிலிருந்து கிழித்து, கழிவுத் துணியோடு கீழே தள்ளுவார். அது அவர் பழக்கம். ஒரே ஆளுக்கு இரண்டு முறை வெட்டிவிடாமல் இருக்க. வேலை முடிந்தபோது தாளும் முடிந்திருந்தது. கழிவு மூட்டை அன்று சாயங்காலமே வண்டியேறிப் போய்விட்டது. தையல், காஜா, பட்டன், அயர்ன் என்று கூடம் முழுக்க அதே வேலையாகக் கிடந்தார்கள். மழையில் எதுவும் காயாததால் அயர்ன் பண்ணின சூட்டிலேயே மடித்து, பேர் எழுதின துண்டுச்சீட்டைக் குத்தி அனுப்பினார்கள்.

கோட்டுகள் திரும்பி வந்தன. கூடவே ஆஸ்பத்திரியின் மேலாளர் அம்மாவும் வந்தார். நிதானமான பெண்மணி. கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றும்படி பேசினார்.

"எங்க டிரைவர் பட்டன் போட்டா மூச்சு விட முடியல. கோட்டு முழங்காலுக்குக் கீழ தொங்குது. உயரமான நர்ஸம்மாவுக்கு இடுப்பத் தாண்டல, ஆனா உள்ள இன்னொரு ஆள் நுழையலாம். நோயாளிங்க சிரிக்கிறாங்க மாஸ்டர். வலியில கெடக்கறவங்க சிரிச்சாங்களேன்னு சந்தோஷப்படவா, என்னன்னு எனக்குத் தெரியல."

மாஸ்டர் ஒரு கோட்டை எடுத்து மேஜையில் விரித்தார்.

"எல்லாருக்கும் தப்புன்னு சொல்ல மாட்டேன். எங்க சமையல்காரருக்கும் லேப்ல இருக்கற பொண்ணுக்கும் அச்சு வெச்ச மாதிரி இருக்கு. அதான் எனக்குப் புரியல."

மெயிலில் இருந்த அளவுகளை அவர் செல்போனிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தார். மாஸ்டர் அந்தந்தக் கோட்டின் மேல் அட்டையை வைத்துப் பார்த்தார். நாலு-ஒன்பது என்று அவர் படித்தால், கோட்டு ஒன்பது-நாலாக இருந்தது. மூன்றாவது கோட்டோடு மாஸ்டர் அட்டையைக் கீழே வைத்துவிட்டார்.

"எல்லாத்தயும் தலைகீழா படிச்சிருக்கேன்" என்றார்.

தம்பி அப்போதுதான் நனைந்துகொண்டு உள்ளே வந்தான். விஷயம் தெரிந்ததும் அந்த வாய் சும்மா இருக்குமா?

"கண்ணத் தொறந்து வெச்சுக்கிட்டுதானே வெட்டினீங்க? ஒண்ணு ரெண்டு மாறலாம், மொத்தமுமா மாறும்? நான் நாயா அலஞ்சு ஆர்டர் கொண்டாரேன், நீங்க இங்க என்ன கனவு கண்டுக்கிட்டா நிக்கிறீங்க?"

அண்ணனை எதிர்த்து அவன் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. தையற்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டு ஓடாத மெஷினில் நூல் கோத்தார்கள்.

மாஸ்டரின் தவறுதான் என்று காட்டத்தான் சின்னவள் மேலே போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தாள். அதையும் சொல்லத்தான் வேண்டும். என் லிஸ்ட் சரி, நான் கொடுத்தது சரி என்று எல்லார் முன்னாலும் காட்டிவிட வேண்டும் என்று ஓடினாள். சமையல்காரர் ஐந்து-ஐந்து. லேப் பெண் எட்டு-எட்டு. திருப்பிப் போட்டாலும் மாறாத ஆட்கள். அந்த இரண்டு வரியைப் பார்த்ததும் மெயிலைத் தேடித் திறந்தாள். மெயிலையும் தன் கட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். புதிதாக ஒரு கட்டம் திறந்து, எழுத்து என்று குறித்து, மறுபடி ஒட்டிப் பார்த்தாள். அவள் கண் முன்னாலேயே நாலு-ஒன்பது ஏப்ரல் ஒன்பதாக மாறியது.

கம்ப்யூட்டரை மூடினாள். கீழே இறங்கிப் போகவில்லை.

"என்ன, பாத்தியா?" என்று கணவன் வந்து கேட்டான்.

"பாத்தேன்."

"உன் லிஸ்ட் சரிதானே?"

ஆமாம் என்று அவள் தலையை ஆட்டினாள். வாயால் பொய் சொல்லவில்லை என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். தலையால் சொன்னால் பொய் ஆகாது என்று எந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறதோ.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாள். மறுநாள் காலையில் மாஸ்டர் வெட்டு மேஜையைத் துடைத்து, கத்தரியை இழுப்பறையில் வைத்துவிட்டு, அவளைக் கூப்பிட்டார்.

"இனிமே லிஸ்ட என் கையில குடுக்காதம்மா. நீ சத்தமா படி, நான் கேட்டுக்கறேன். வெளியாள் ஒருத்தர வெட்டறதுக்கு வரச் சொல்லியிருக்கேன், அவர் வெட்டட்டும். நான் அட்டை எடுத்துத் தரேன்."

"எதுக்கு மாமா..."

"அன்னைக்கு நான் உன்கிட்டயே கேட்டேன் பாரு, நர்ஸுங்க ஏன் குட்டையா இருக்காங்கன்னு. நீ ரெண்டு தடவ பாத்துட்டேன்னு சொன்ன. அப்பவே எனக்குப் புத்தி வந்திருக்கணும். தாள்ல சரியாத்தான் இருந்திருக்கு. எனக்குத்தான் மாறித் தெரிஞ்சிருக்கு." கத்தரி வைத்த இழுப்பறையைத் தள்ளி மூடினார். "எங்க அப்பாவுக்கும் இந்த வயசுலதான் ஆரம்பிச்சுது. மொதல்ல கடைக்குப் போற வழி மாறிச்சு. கடைசியில என்னயே பாத்து, தம்பி நீங்க யாருன்னு கேட்டாரு."

இப்போது சொன்னால், நேற்றே ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வரும். ஒரு நாள் தள்ளினதும் குற்றம் இரண்டாகிவிட்டது. மறுநாள் மூன்றாகும். அவள் வேகவேகமாகத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, பெருக்கின இடத்தையே திரும்பப் பெருக்கினாள்.

பெரியவள் அவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். வந்ததும் அடுப்படியில் உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே சொன்னாள். கை பாட்டுக்கு உரித்தது, கண் பாட்டுக்கு வழிந்தது.

"இன்னைக்கு என்ன கிழமைன்னு கேக்கறாரு அந்த டாக்டரு. நம்ம வீட்டு மூத்த பிள்ள வயசுதான் இருக்கும். நூறுலேந்து ஏழு ஏழா கழிக்கச் சொன்னாரு. கழிச்சாரு. கடிகாரம் வரையச் சொன்னாரு. வரஞ்சாரு. ஆனா பாவி மனுஷன், கை நடுங்குது. துணி வெட்டும்போது நூலளவு பிசகாத கைடி அது."

"டாக்டர் என்னக்கா சொன்னார்?"

"இப்ப ஒண்ணும் சொல்றதுக்கில்லயாம். ஸ்கேன் எடுக்கணுமாம். இது மெதுவாத்தான் வெளிய தெரியுமாம். நீ உக்காரு, ஏன் நின்னுக்கிட்டே இருக்க? மூஞ்சியே சரியில்ல உனக்கு. நீயும் கவலப்பட்டுக்கிட்டு ஒழுங்கா சாப்பிடறதில்ல, நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

அவித்த முட்டை ஒன்றை உரித்து அவள் தட்டில் வைத்தாள் பெரியவள். கோழி கிளறின எழுத்து என்று இவள் சொல்லக் கேட்டுச் சிரித்துவிட்டு ஒதுங்கின அதே பெரியவள். அந்த முட்டையைச் சின்னவள் தின்றாள். எப்படித் தின்றாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

அன்று சாயங்காலம் மழை கொஞ்சம் விட்டிருந்தது. வாளியோடு மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போன சின்னவள் மாடிப்படியில் நின்றுவிட்டாள். தெருப் பக்க ஜன்னலில் மாஸ்டரும் பெரியவளும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கீழே வண்டிகள் தண்ணீரைச் சிதறிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன.

"அதோ வருது பாருங்க, வெள்ளக் காரு. என்ன நம்பர்?"

"நாலு... ஏழு... ஒண்ணு, ரெண்டு."

"சரி."

"நெஜமா சரியா? இல்ல எனக்காகச் சொல்றியா?"

"சரிதாங்க. உங்க மேல சத்தியமா."

"அடுத்தது நீ மொதல்ல சொல்லாத. நான் சொல்றேன். அந்த லாரி. எட்டு, மூணு... இரு, போயிடுச்சு. எட்டு மூணா, மூணு எட்டா?"

பெரியவளும் பார்த்திருக்கவில்லை.

"சொல்லேன்" என்றார் மாஸ்டர். சின்னப் பிள்ளை கெஞ்சுவது போல இருந்தது. "எட்டு மூணுதானே?"

சின்னவள் கையிலிருந்த வாளி படியில் உருண்டு போனது. இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சத்தம் கேட்டு அவள் கணவனும் உள்ளேயிருந்து வந்தான்.

"மாமா, அந்த லிஸ்ட்..." என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்ததும் எங்கேயோ போய்விட்டது பேச்சு. "கம்ப்யூட்டர்ல, எழுத்துன்னு மாத்தித்தான் வெச்சேன் மாமா. முன்னாடியே மாத்தி வெச்சேன். ஆனா ஒட்டும்போது அது நாம சொன்னதக் கேக்காம தேதியாக்கிடுச்சு. அது மாசத்த முன்னாடி எடுத்துக்கும், நான் நாள முன்னாடி..."

"என்னடி சொல்ற? ஒண்ணும் புரியல" என்றாள் பெரியவள். அவள் குரல் மாறியிருந்தது. "சுருக்கமா சொல்லு. இவர் தப்பா படிச்சாரா, இல்லயா?"

"இல்லக்கா."

"அப்போ?"

"தாள்லயே தலைகீழாத்தான் இருந்துது. நான்தான் அப்படிக் குடுத்தேன். மாமா கேட்டப்போ ரெண்டு தடவ பாத்துட்டேன்னு சொன்னேன். ஒரு தடவகூட பாக்கல."

"இது உனக்கு எப்பத் தெரியும்?" என்று கணவன் கேட்டான்.

அவள் எதைச் சொல்லப் பயந்தாளோ அதைத்தான் கேட்டான். கம்ப்யூட்டர் செய்தது பாதி. அவசரத்தில் செய்தது மீதி. இது இரண்டிலும் சேராது.

"கோட்டு திரும்பி வந்த அன்னைக்கே."

பெரியவள் எழுந்து நின்றாள். "அன்னைக்கேவா? அவரு டாக்டர்கிட்ட போனப்பவும் உனக்குத் தெரியுமா? நான் அழுதப்பவும் தெரியுமா? முட்டய உரிச்சு வெச்சேனேடி, அப்பவும் தெரியுமா?"

சின்னவள் கூனிக் குறுகி நின்றாள். அண்ணனைப் பார்த்துக் கனவு காண்கிறீர்களா என்று கேட்டவன் தம்பி. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

எல்லாரும் மாஸ்டரைத்தான் எதிர்பார்த்தார்கள். அடிப்பார் என்றால் அடி வாங்கிக்கொள்ளச் சின்னவள் தயாராக இருந்தாள். கத்துவார் என்றால் கேட்டுக்கொள்ளத் தயாராக இருந்தாள். அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ எனக்கு ஒண்ணும் இல்லயாம்மா?" என்றார்.

"ஒண்ணும் இல்ல மாமா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. தாள்ல ஒன்பது-நாலுன்னுதான் இருந்துதா?"

"ஆமா மாமா."

"நான் ஒன்பது-நாலுன்னுதான் படிச்சேன்" என்று பெரியவளிடம் திரும்பிச் சொன்னார். "கேட்டியா? ஒன்பது-நாலுன்னுதான் படிச்சிருக்கேன். சரியாத்தான் படிச்சிருக்கேன்." முகம் முழுக்கச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருக்கும்போது தோள் குலுங்க ஆரம்பித்து, துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். ஏன் இப்படிச் செய்தாய் என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சின்னவள் எதையாவது சொல்லித் தப்பித்திருப்பாள். வெட்கம் அவளை அங்கேயே நட்டு வைத்தது.

ஆஸ்பத்திரிக்கு மறுபடி வெட்டினார்கள். வெளியாளை வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. இந்த முறை லிஸ்டைப் பெரியவள்தான் கையால் எழுதினாள். சின்னவள் மெயிலைப் பார்த்து வாசிக்க வாசிக்க, அவள் எழுதினாள். இரண்டு பேரும் அதைத் தவிர வேறு ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பேச இன்னும் நாளாகும்.

மாஸ்டர் துணியை விரித்து, கட்டிகளை வைத்து, இழுப்பறையைத் திறந்தார். தாளை எடுத்துப் பார்த்தார். தம்பி அன்று எங்கும் போகாமல் துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பழைய கை, பழைய மேஜை, எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

மெஷினின் சுவிட்சில் கை வைத்தவர், போடாமல் நின்றார்.

"நாலு-ஒன்பது" என்று சத்தமாகச் சொன்னார். சொல்லிவிட்டு, யாராவது ஏதாவது சொல்வார்கள் என்பது போல நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு ஒன்றும் இல்லை என்று அவருக்கே தெரியும். இருந்தாலும் கை போகவில்லை.

யாரும் அவளைப் போகச் சொல்லவில்லை. சின்னவள் போய் மேஜையருகே நின்று, தாளைக் குனிந்து பார்த்தாள்.

"ஆமா மாமா. நாலு-ஒன்பது."

மெஷின் ஓடியது. ஒரு கோட்டு பிரிந்து விழுந்தது. மாஸ்டர் அந்த வரியைக் கிழித்துப் போட்டுவிட்டு, அடுத்ததைப் படித்து, மறுபடி நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"ஆமா மாமா" என்றாள்.